நெட் போய்ப் போய் வருகிறதா? வீட்டு பிராட்பேண்டும் ரௌட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுதாகச் செத்துப்போன நெட் ஒரு பிரச்சினையே இல்லை. போன் செய்தால் ஆள் வருவார், பார்ப்பார், மாற்றிவிட்டுப் போவார். போய்ப் போய் வருகிற நெட்தான் உயிரை வாங்கும். ஆள் வரும்போது ஒழுங்காக ஓடும், அவர் லிஃப்ட்டில் இறங்கியதும் போகும். நெட்வொர்க் சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறேன் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் நெட் போனாலும் எனக்குத்தான் வாட்ஸ்அப் வரும். எல்லாரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகளைத்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நெட் போனதும் முதலில் ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும், அதுதானே?

அதுதான் கடைசி. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் பாதி நேரம் நெட் வந்துவிடும், சரி. ஆனால் ஏன் போனது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். நாளைக்கு மறுபடி போகும், மறுபடி பிடுங்குவீர்கள், மூன்று மாதம் இப்படியே ஓடும்.

ஒரே ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு 2 நிமிடம் பாருங்கள். பெட்டிகளில் எந்த விளக்கு எரிகிறது, எது சிவப்பு, எது அணைந்திருக்கிறது? போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், படத்தோடு நேரமும் பதிவாகிவிடும். பிறகு போனில் வைஃபை குறி இருக்கிறதா பாருங்கள். குறி இருந்தும் நெட் இல்லையென்றால் அது ஒரு நோய். குறியே காணாமல் போனால் அது வேறு நோய். வீட்டில் எல்லாருக்கும் போனதா, உங்களுக்கு மட்டுமா என்று ஒரு குரல் கொடுத்துக் கேளுங்கள். இவ்வளவும் ஆன பிறகு தாராளமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வீட்டில் இரண்டு பெட்டி இருக்கிறது. எது ரௌட்டர், எது மற்றது?

சிங்கப்பூரில் வீடுகளுக்கு வரும் ஃபைபர் இழை நெட்லிங்க் டிரஸ்டுடையது. நீங்கள் மாதம் பணம் கட்டுவது சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக் என்று எந்த நிறுவனத்துக்காக இருந்தாலும் பெரும்பாலும் இழை அதேதான். அந்த இழை வீட்டுக்குள் வந்து முடியும் இடத்தில் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். அதை டிபி என்பார்கள். மின்சாரமும் கிடையாது, விளக்கும் கிடையாது. அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று ஓஎன்டி என்ற பெட்டிக்குப் போகும். ஒளியாக வருவதை லேன் வயரில் ஓடும் சிக்னலாக மாற்றுவது ஓஎன்டியின் வேலை. அங்கிருந்து சாதாரண லேன் வயர் ரௌட்டருக்குப் போகும். ரௌட்டர் அதை வைஃபையாக வீடெங்கும் பரப்பும்.

சில வீடுகளில் ஓஎன்டியும் ரௌட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், ஓஎன்ஆர் என்பார்கள். ஒரு பெட்டிதான் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஆக டிபியிலிருந்து ஓஎன்டி வரை ஒன்று, ஓஎன்டியிலிருந்து ரௌட்டர் வரை ஒன்று, ரௌட்டரிலிருந்து உங்கள் கையிலுள்ள போன் வரை ஒன்று என வழியில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. எந்தத் துண்டில் அறுகிறது என்று தெரியாமல் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

ஓஎன்டியில் எந்த விளக்கு என்ன சொல்கிறது?

முக்கியமானவை பான், லாஸ் என்ற இரண்டும். பெட்டியின் மேல் ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். பான் விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் உங்கள் ஓஎன்டி, எதிர்முனையிலுள்ள நிறுவனத்தின் கருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது. அது மினுக்கிக்கொண்டே இருந்தால் பேச முயற்சி செய்கிறது, இன்னும் முடியவில்லை. லாஸ் விளக்கு அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை, அல்லது போதவில்லை. அந்த நேரத்தில் ரௌட்டரை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை, அதன் மேல் குற்றமே இல்லை.

லாஸ் விளக்கு சிலசமயம் மட்டும் சிவப்பாகிறது. இழை அறுந்திருந்தால் எப்போதுமே சிவப்பாகத்தானே இருக்க வேண்டும்?

இழை அறுந்தால்தான் அப்படி. நசுங்கினாலோ, மடங்கினாலோ, முனையில் தூசி ஏறினாலோ ஒளி குறையும், முழுக்க நிற்காது. ஓஎன்டி அந்தக் குறைந்த ஒளியில் தட்டுத்தடுமாறி ஓடும். யாராவது வயரைத் தட்டினால், கதவு அடித்தால் கீழே விழும்.

போன தீபாவளிக்குப் பிறகு எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் மூன்று நான்கு தடவை நெட் போகிறதாம். மகனுக்கு ஆன்லைன் டியூஷன். நிறுவனத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டார். போய்ப் பார்த்தால் டிவி மேடை சுவரோடு ஒட்டி நிற்கிறது. “இது முன்னாடி இப்படித்தான் இருந்ததா அக்கா?” என்று கேட்டேன். “சுத்தம் பண்ணிட்டு நல்லா உள்ளே தள்ளி வெச்சேன்” என்றார். மேடையை இரண்டு பேராக முன்னால் இழுத்தோம். பின்னால், மேடையின் காலுக்கும் சுவர்ப் பலகைக்கும் நடுவில், வெள்ளை ஃபைபர் வயர் முறுக்கு உடைந்த மாதிரி கூர்மையாக மடிந்து கிடந்தது. விரலால் மெதுவாக நிமிர்த்தினேன். அதுவரை மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு அணைந்தது. ஆனாலும் மடிந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது, அந்த வயரை நம்ப முடியாது. நிறுவனத்திடம் சொல்லி டிபிக்கும் ஓஎன்டிக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன வயரை மட்டும் மாற்றச் சொன்னேன். அதோடு முடிந்தது.

அந்த வயருக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான். அதிலும் ஒளி ஓடுவது நடுவிலுள்ள 9 மைக்ரான் அளவு பகுதியில்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி முனையில் உட்கார்ந்தாலே பாதை மறைந்துவிடும். அதனால் முனையைக் கழற்றி வாயால் ஊதுவது, சட்டையில் துடைப்பது எல்லாம் வேண்டாம். முனைக்குள் எட்டியும் பார்க்காதீர்கள், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. மீதி வயரைச் சுருட்டி வைக்க வேண்டுமென்றால் கோப்பித் தம்ளரின் வாயகலத்துக்குக் குறையாத வளையமாகச் சுருட்டுங்கள். கேபிள் டை போட்டு இறுக்க வேண்டாம்.

விளக்கெல்லாம் பச்சை. ஆனாலும் நெட் போகிறது. வைஃபை பிரச்சினையா, லைன் பிரச்சினையா?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு மடிக்கணினியும் அரை மணி நேரமும் போதும். முடிந்தால் அதை ரௌட்டரோடு லேன் வயரில் இணையுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் டிஃபால்ட் கேட்வே என்று ஒரு முகவரி வரும். 192.168.1.1 போல இருக்கும், அதுதான் உங்கள் ரௌட்டர். இப்போது பிங் என்று தட்டி, இடம் விட்டு அந்த முகவரியை அடித்து, மறுபடி இடம் விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் போட்டு என்டரைத் தட்டுங்கள். நிறுத்தும்வரை நொடிக்கு ஒன்றாக ‘இருக்கிறாயா’ என்று ரௌட்டரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். (மேக்கில் கோடும் டியும் தேவையில்லை, தானாகவே நிற்காமல் ஓடும்.) பக்கத்தில் இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலைத் திறந்து அதே மாதிரி 8.8.8.8 என்ற முகவரிக்கு ஓட விடுங்கள். அது கூகுளுடையது, வெளியே இருப்பது.

நெட் போகிற அந்த நிமிடத்தில் இரண்டையும் பாருங்கள். ரௌட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்து 8.8.8.8 மட்டும் நின்றால், கோளாறு ரௌட்டரைத் தாண்டி வெளியே. ஓஎன்டியாக இருக்கலாம், இழையாக இருக்கலாம், நிறுவனத்தின் பக்கமாக இருக்கலாம். ரௌட்டரும் சேர்ந்து நின்றால் இரண்டு வகை. வயரில் இருந்தும் நின்றால் ரௌட்டர் உறைந்துவிட்டது அல்லது தானே ரீஸ்டார்ட் ஆகிறது. வைஃபையில் நின்று வயரில் நிற்கவில்லையென்றால் காற்றில்தான் பிரச்சினை, நிறுவனத்தைத் திட்டிப் பலனில்லை.

இரண்டும் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

வைஃபை முழுசாக இருக்கிறது, வாட்ஸ்அப் அழைப்புகூட ஓடுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லையே?

அநேகமாக டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் காணாமல் போனால் எண்ணை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும் செயலிகள் ஓடும், மற்றவை தவிக்கும். 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு நெட் நின்றது இதனால்தான். அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களில் வெள்ளம்போல் கோரிக்கைகள் வந்து குவிந்தன. இழைக்கோ ரௌட்டருக்கோ ஒன்றும் ஆகவில்லை.

சோதித்துப் பார்க்க ரௌட்டர் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போடுங்கள். சரியானால் அப்படியே விட்டுவிடலாம். அதற்காக ‘டிஎன்எஸ் மாற்றினால் ஸ்பீடு இரண்டு மடங்கு’ என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். புத்தகம் புரட்டும் நேரம் குறையலாம், சாலை அகலமாகாது.

ரௌட்டர் தானாகவே அணைந்து எரிகிறது. கெட்டுப்போச்சா?

ரௌட்டரைக் குற்றம் சொல்லும் முன் அதன் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். நான் பார்த்த ‘கெட்டுப்போன’ ரௌட்டர்களில் நிறைய நன்றாக இருந்தவைதான், மின்சாரம் கொடுக்கும் கறுப்புக் கட்டிதான் போயிருக்கும். அதற்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் 24 மணி நேரமும் சூட்டில் இருந்து சோர்ந்துபோகும். சும்மா இருக்கும்போது தாங்கும். வீட்டில் எல்லாரும் வந்து உட்கார்ந்து, ரௌட்டர் அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து ரீஸ்டார்ட் ஆகும். அதனால்தான் ‘ராத்திரி மட்டும் போகிறது’ என்கிறார்கள்.

என் வீட்டில் நடந்த கூத்து வேறு. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் ரௌட்டர் அணைந்து எரிந்தது. ஃபர்ம்வேர் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) மாற்றினேன், வைஃபை சேனல் மாற்றினேன், முழுதாக ரீசெட் போட்டு எல்லாவற்றையும் புதிதாக அமைத்தேன். ஒருநாள் கடுப்பில் அடாப்டரைத் திருப்பி அதிலிருந்த எழுத்தைப் படித்தேன். 12 வோல்ட், 1 ஆம்ப். ரௌட்டரின் அடியில் 12 வோல்ட், 2 ஆம்ப் என்று போட்டிருக்கிறது. பிளக்குகளைத் துடைத்து மாட்டியபோது டிவி பெட்டியின் அடாப்டரும் ரௌட்டரின் அடாப்டரும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டும் ஒரே நிறம், ஒரே மாதிரி முனை. மாற்றியது யார் என்று வீட்டில் விசாரணை நடத்தவில்லை, நான்தான்.

புதிய அடாப்டர் வாங்கினால் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்ப் அதே அளவு அல்லது அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்ற சின்னப் படமும் பொருந்த வேண்டும். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் பழைய அடாப்டரைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

அடுத்தது சூடு. நம் ஊரில் ஆண்டு முழுக்க வெயில்தான். அதில் ரௌட்டரைக் கதவு வைத்த டிவி மேடைக்குள் வைத்து, மேலே செட்டாப் பெட்டியையும் அடுக்கினால் அது என்ன செய்யும்? வெளியே எடுத்து வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கூடத்தில் நன்றாக இருக்கிறது, படுக்கையறையில் மட்டும் அறுகிறது. ஏன்?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவர்களில் சில வெறும் தடுப்பு, சில கம்பி கட்டிய கான்கிரீட். 1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் பாதுகாப்பு அறை ஒன்று இருக்கும், நாம் பாம் ஷெல்டர் என்போமே. குண்டுவெடிப்பைத் தாங்குவதற்காகத் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் போட்டுக் கட்டியது. வைஃபை அதற்கு முன் எம்மாத்திரம்? ரௌட்டருக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவில் அந்த அறை நின்றால் சிக்னல் அதைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

அதைவிட மோசம், ரௌட்டரையே அந்த அறைக்குள் வைப்பது. வயரெல்லாம் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று செய்கிறார்கள். கதவு திறந்திருக்கும்வரை ஓரளவு ஓடும். விருந்தாளி வருகிறார்கள் என்று கதவைச் சாத்தினால் வீடு முழுக்க நெட் படுத்துவிடும். ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறது’ என்று ஒருவர் சொன்ன மர்மத்தின் விடை இதுதான். அந்த அறைச் சுவரில் வயர் இழுக்க நினைத்தபடி துளை போடவும் முடியாது, குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் இருக்கின்றன. முன்பதிவுக்குப் பின் கட்டித் தரும் புதிய பிடிஓ வீடுகளில் அறைக்கு அறை லேன் பாயிண்ட் இருந்தால் அதைப் பயன்படுத்தி ரௌட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் ஏற்பாடு) வாங்கிப் போட்டேன், இப்போது இன்னும் மோசம்.

இரண்டாவது பெட்டியை எங்கே வைத்தீர்கள்? சிக்னல் வராத அறையில்தானே. எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். சிக்னல் வராத இடத்தில் வைத்தால் அந்தப் பெட்டிக்கும் சிக்னல் வராது. இருப்பதைத்தான் அது வாங்கிக் கொடுக்க முடியும். போனில் முழு வைஃபை குறி தெரியும், பின்னால் ஒன்றும் இருக்காது. பாதி வழியில், இன்னும் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். அதைவிட நல்லது இரண்டு பெட்டிகளையும் லேன் வயரால் இணைப்பது. வயர் மட்டும் போட முடிந்தால் மெஷ் குறைகளில் முக்கால்வாசி மறைந்துவிடும்.

இன்னொன்று, நான்கறை வீட்டுக்கு மூன்று பெட்டி பெரும்பாலும் அதிகம். பெட்டிகள் நெருக்கமாக இருந்தால் போன் இதைப் பிடிப்பதா அதைப் பிடிப்பதா என்று தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் வீடியோ அழைப்பு ஒரு கணம் உறையும். ஒரு பெட்டியை அணைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயர் மட்டும் திடீரென்று மறைந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறது. பேய் பிடித்ததா?

ரேடார் பிடித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சேனல் என்ற சிறு பாதைகளாகப் பிரிந்திருக்கும், அவற்றில் 52 முதல் 144 வரையுள்ளவற்றை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அந்தச் சேனலில் இருக்கும் ரௌட்டர் ரேடார் சிக்னலைக் கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. காலி செய்து அதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போனால், பேசுவதற்கு முன் 60 வினாடி சும்மா இருந்து கேட்க வேண்டும். விட்டு வந்த சேனலுக்கு அடுத்த 30 நிமிடம் திரும்பக் கூடாது. அந்த 60 வினாடிதான் உங்களுக்கு நெட் இல்லாத நிமிடம். உண்மையில் ரேடாரே இல்லாமல் வேறு இரைச்சலை ரேடார் என்று நினைத்து ஓடும் ரௌட்டர்களும் உண்டு.

மருந்து எளிது. ரௌட்டர் அமைப்பில் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 36 அல்லது 149 என்று நிறுத்துங்கள். சேனல் அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 80க்குக் குறையுங்கள். இங்கே 5 கிகாஹெர்ட்ஸில் 160 போட்டாலே ரேடார் சேனல்களும் சேர்ந்துதான் வரும். வேகச் சோதனையில் எண் கொஞ்சம் குறையும், வீடியோ அழைப்பு அறுவது நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். 2023ல் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப் பகுதியையும் வைஃபைக்குத் திறந்துவிட்டது. ரௌட்டரும் போனும் இரண்டுமே புதிதாக இருந்தால் அங்கே கூட்டம் குறைவு. ஆனால் அது சுவர் தாண்டுவதில் 5ஐவிடவும் நோஞ்சான்.

மைக்ரோவேவ் ஓடும்போது நெட் போவது உண்மையா, சும்மா சொல்கிறார்களா?

உண்மை. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். சாம்பார் சூடாகும் இரண்டு நிமிடம் சமையலறையை ஒட்டிய அறையில் அந்த அலைவரிசை தடுமாறும். 5க்கு மாறினால் தீர்ந்தது. 2.4ஐ வைத்தே ஆக வேண்டிய கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றுக்கு 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் 3, 8 என்று போட்டால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களோடும் சண்டை.

மழை பெய்தால் நெட் போகிறது.

கண்ணாடி இழைக்கு மழை தெரியாது. அந்தக் காலத்துச் செம்புக்கம்பி நினைவில் நாம் மழையைக் குற்றம் சொல்கிறோம். மழை நாளில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், ஆளுக்கொரு திரை. வைஃபை திணறுவது அதனால் இருக்கலாம். இடி மின்னலில் மின்சாரம் ஒரு கணம் சரிந்து, பலவீனமான அடாப்டர் கீழே விழுவதும் உண்டு. ஆனால் நீங்கள் வைத்திருப்பது 5ஜி சிம் போட்ட வீட்டு பிராட்பேண்ட் என்றால் கதை வேறு, அது காற்றில் வருவது. பெட்டியை ஜன்னலோரம் நகர்த்திப் பாருங்கள்.

1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 1,000 மெகாபிட்) திட்டம். வயரில் இணைத்தாலும் வேகம் 94 மெகாபிட் தாண்டவில்லை.

94, 95 என்று மிகச் சரியாக நின்றால் வயரைப் பாருங்கள். லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடக்கூடும், அதில் கையில் கிடைப்பது 94, 95. முனையை ஆட்டும்போது ஏறி இறங்கினால் அதே வயர்தான் உங்கள் விட்டுவிட்டு அறும் நோய்க்கும் காரணம். புது வயருக்குச் சில வெள்ளிதான் ஆகும். முதலில் ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவிலுள்ள வயரை மாற்றுங்கள்.

10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறினால் அறுவது நிற்குமா?

நிற்காது. அரசாங்கம் 2024ல் நாடளாவிய பிராட்பேண்ட் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக அறிவித்தது, நிறுவனங்களும் போட்டி போட்டு விற்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் மடிந்த இழை, சோர்ந்த அடாப்டர், இரும்புக் கதவு எதையும் அது சரிசெய்யாது. ஒரேயொரு லாபம் உண்டு. ஓஎன்டியை மாற்றுவார்கள், வயரையும் புதிதாகப் போடுவார்கள். சிலருக்குக் கோளாறு அதில் தற்செயலாகத் தீர்ந்து, 10 ஜிபிபிஎஸ்ஸின் மகிமை என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

சொந்த ரௌட்டர் வாங்கி மாட்டினேன், அன்றிலிருந்து தொல்லை.

உங்கள் ஓஎன்ஆரும் ஒரு ரௌட்டர்தான். அதன் பின்னால் இன்னொன்றை மாட்டினால் ஒரே வீட்டில் இரண்டு மாமியார். இரண்டும் முகவரி கொடுக்கும். இரண்டுமே 192.168.1.1 என்று தன்னைச் சொல்லிக்கொண்டால் குழப்பம் உறுதி. நிறுவனத்தைக் கேட்டு ஓஎன்ஆரை பிரிட்ஜ் முறைக்கு (ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் பாலமாக இருப்பது) மாற்றுங்கள். முடியாதென்றால் புதிய ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்புவது) வையுங்கள். தனி ஓஎன்டி உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. சில ஓஎன்டிகள் பழைய ரௌட்டரை நினைவில் வைத்திருக்கும், புதியதை மாட்டினால் கண்டுகொள்ளாது. ஓஎன்டியை அணைத்துச் சில நிமிடம் விட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

அப்புறம், ரௌட்டரின் பின்னாலுள்ள ஊசித்துளையைக் குத்தாதீர்கள். அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். பெயர், கடவுச்சொல், நிறுவனம் போட்டுத் தந்த அமைப்பு எல்லாம் போய்விடும்.

வீட்டில் எல்லாருக்கும் ஓடுகிறது, என் ஆபீஸ் லேப்டாப் மட்டும் அறுகிறது.

அப்போது வீட்டு நெட்டை விட்டுவிடுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன்னை அணைத்துப் பாருங்கள், வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள், மின்சேமிப்பு அமைப்பில் வைஃபை தூங்கிப்போகிறதா பாருங்கள். மீதி உங்கள் ஆபீஸ் ஐடி ஆளின் தலைவலி.

அறை வாடகைக்கு இருக்கிறேன். ரௌட்டர் ஹவுஸ் ஓனர் அறையில் இருக்கிறது, தொட விடமாட்டார்.

கஷ்டம்தான். உங்களால் முடிந்தது ஆதாரம் சேர்ப்பது. மேலே சொன்ன பிங்கை உங்கள் அறையிலும், ஒருமுறை கூடத்தில் ரௌட்டர் அறைக் கதவருகிலும் ஓட விடுங்கள். கதவருகில் நன்றாக இருந்தால் தூரம்தான் காரணம். ‘அண்ணே, ரௌட்டரை அந்த அலமாரிக்கு மேலே வைத்தால் எல்லாருக்கும் நன்றாக வரும்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘உங்கள் நெட் சரியில்லை’ என்று ஆரம்பித்தால் அன்றோடு பேச்சு முடிந்தது. ஊருக்கு வீடியோ அழைப்பு அவசரம் என்றால் அந்த அரை மணி நேரத்துக்கு மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துங்கள்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால் ‘ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’ என்றே சொல்கிறார்கள். நேராக நெட்லிங்க்கைக் கூப்பிடலாமா?

இழை நெட்லிங்க்குடையது என்றாலும் உங்கள் ஒப்பந்தம் பணம் கட்டும் நிறுவனத்தோடுதான். புகார் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். ‘அடிக்கடி போகிறது’ என்று சொன்னால் ரீஸ்டார்ட்தான் பதில். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: “செவ்வாய் இரவு 9.12, புதன் மாலை 7.40, இரண்டு தடவையும் லாஸ் சிவப்பு, படம் இருக்கிறது. லேன் வயரில்தான் சோதித்தேன். ரௌட்டர் பதில் சொன்னது, வெளியே போகவில்லை.” எதிர்முனையில் குரலே மாறும். சம்பவ எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு முயன்றும் நிறுவனத்தோடு தீரவில்லையென்றால், தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்களுக்காக 2022ல் தொடங்கிய தகராறுத் தீர்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது. தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் கொண்டுவந்தது. முதலில் சமரசம், அது பலிக்காவிட்டால் தீர்ப்பு. அங்கேயும் உங்கள் தேதிகளும் படங்களும்தான் பேசும்.

ஆள் வரும்போது மட்டும் நெட் ஒழுங்காக ஓடினால் என்ன செய்வது?

ஓடட்டும். அவரிடம் ஓஎன்டிக்கு வரும் ஒளியின் அளவை அளந்து காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாக வரும். ஜிபான் என்ற சாதாரண வீட்டு ஃபைபர் இணைப்பில் மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 18, 20 என்றால் நிம்மதி. மைனஸ் 26 என்று வந்தால் இப்போது ஓடுவது அதிர்ஷ்டம், விளிம்பில் நிற்கிறது. டிபியிலேயே அளந்து, பிறகு ஓஎன்டி முனையில் அளக்கச் சொன்னால் நடுவிலுள்ள வயர் எவ்வளவு தின்கிறது என்றும் தெரிந்துவிடும். அவர் வயரைப் பிடித்திருக்கும்போது மெதுவாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், எண் குதிக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

அந்த எண்ணை ஒரு சின்னத் தாளில் தேதியோடு எழுதி ஓஎன்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை வேறு ஆள் வந்து அளக்கும்போது ஒப்பிட ஒரு எண் இருக்கும்.